ஆண்களுக்கு 30,000, பெண்களுக்கு 10,000: கபடிப் பரிசில் இந்த வித்தியாசம் நியாயமா?

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கலுக்கு மின்னொளிக் கபடி நடத்தும் கமிட்டியிலிருந்து வந்த கேள்வி இது. போன வருஷம் ஆண்கள் பிரிவுக்கு முதல் பரிசு 30,000, பெண்கள் பிரிவுக்கு 10,000 என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அரூர் பக்கமிருந்து வந்த பெண்கள் அணி, "கிரிக்கெட்டிலேயே சமமாயிடுச்சு, இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறது. கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஆம்பளைங்க டீம் 24, பொண்ணுங்க டீம் 6. கூட்டமும் ஆம்பளைங்க ஆட்டத்துக்குத்தான்" என்று முடித்துவிட்டார். யார் சொல்வது சரி, சமமாகக் கொடுப்பதென்றால் பணத்துக்கு எங்கே போவது என்பது கேள்வி.

இரண்டு பேர் சொன்னதும் அரைகுறைதான். கிரிக்கெட்டில் சமமானது ஒரே ஒரு வகைப் பணம். கூட்டத்தை வைத்துப் பேசும் வாதமோ ஐபிஎல்லுக்கு ஓரளவு பொருந்தும், உங்கள் மைதானத்துக்குப் பொருந்தாது. ஏன் என்று பார்த்துவிட்டால் பணத்துக்கான வழியும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கிரிக்கெட். 2022 அக்டோபர் 27 அன்று பிசிசிஐ அறிவித்தது மேட்ச் ஃபீஸ் பற்றி மட்டும்தான். ஒரு டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. அதற்கு முன்பு பெண்களுக்கு ஒருநாள், டி20 இரண்டுக்குமே ஒரு லட்சம்தான். ஆகவே இது பெரிய உயர்வு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரருக்குப் பணம் நாலு குழாயில் வருகிறது. மேட்ச் ஃபீஸ் ஒன்று. ஆண்டு ஒப்பந்தம் இரண்டு. லீக் ஏலம் மூன்று. பரிசுத்தொகையும் விளம்பரமும் நாலாவது. பிசிசிஐ சமமாக்கியது முதல் குழாயை மட்டும்.

ஆண்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2024-25 பட்டியலில் ஆண்களுக்கு ஏ பிளஸ் 7 கோடி, ஏ 5 கோடி, பி 3 கோடி, சி 1 கோடி. பெண்களுக்கு ஏ 50 லட்சம், பி 30 லட்சம், சி 10 லட்சம். பெண்கள் அணியின் உச்சத்தில் இருப்பவருக்கு வருவது, ஆண்கள் பட்டியலில் கடைசி வரிசையில் இருப்பவர் வாங்குவதில் பாதி. மேட்ச் ஃபீஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீதம் சமம், ஆனால் எத்தனை ஆட்டம் என்பது சமமில்லை. ஒரு வருஷத்தில் 10 டெஸ்ட் ஆடும் ஆணுக்கு 1.5 கோடி. அதே வருஷம் பெண்கள் அணிக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தால் 15 லட்சம். கூலி ஒன்றுதான், வேலை நாள்தான் பத்தில் ஒன்று. களத்துமேட்டில் நாள்கூலி வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

உள்ளூர் கிரிக்கெட்டிலும் இதுதான் நிலைமை. ரஞ்சி ஆடும் ஆணுக்கு 2021 முதல் அனுபவத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு 40,000 முதல் 60,000 வரை. சீனியர் பெண்களுக்கு அப்போது 20,000. 2025 டிசம்பரில்தான் அது 50,000 ஆனது. அதாவது மாநில அணியில் ஆடும் ஒரு பெண்ணுக்கு வித்தியாசம் பெருமளவு குறைந்தது உலகக் கோப்பை ஜெயித்த பிறகு. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்த அந்தக் கோப்பைக்கு ஐசிசி கொடுத்தது 44.8 லட்சம் டாலர். 2023-ல் ஆண்கள் உலகக் கோப்பையை ஜெயித்த ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது 40 லட்சம் டாலர். பரிசு என்கிற அந்த ஒரு குழாயில் பெண்கள் முந்திவிட்டார்கள். ஆனால் பிசிசிஐ தன் கையிலிருந்து கொடுத்த ஊக்கத்தொகையில் பழைய வித்தியாசம் அப்படியே நின்றது: 2024 டி20 கோப்பை வென்ற ஆண்களுக்கு 125 கோடி, 2025-ல் பெண்களுக்கு 51 கோடி.

ஏலம்தான் பெரிய பள்ளம். ஐபிஎல் 2025-க்கான ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். பெண்களுக்கான லீக் ஆன டபிள்யூபிஎல்லில் ஒரு அணி மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவழிக்க அனுமதித்த தொகையே 15 கோடி. ஒரு ஆளின் விலையில் ஒரு அணியை வாங்கிவிட்டுக் கையில் மிச்சமும் வைக்கலாம். இதைப் பார்த்தவுடன் கோபம் வரும். ஆனால் கணக்குப் போட்டால் படம் வேறு. ஐபிஎல் 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது, ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 118 கோடி. டபிள்யூபிஎல் ஐந்து வருஷத்துக்கு 951 கோடி, ஒரு ஆட்டத்துக்கு 7.09 கோடி. டிவி பணத்தில் 16 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஏலப் பணத்திலோ, ஐபிஎல் அணிக்கு 120 கோடி, டபிள்யூபிஎல் அணிக்கு 15 கோடி என்று 8 மடங்கு. ஆகவே டிவி வருமானத்தோடு ஒப்பிட்டால் பெண்களுக்குப் பங்கு குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் கமிட்டிப் பெரியவர் சொல்லும் "கூட்டம்" வாதத்துக்கு அசல் அடித்தளம் இதுதான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் ஏன் குறைவு என்று இன்னொரு கேள்வி உண்டு. ஆண்களுக்கு ஐபிஎல் வந்தது 2008-ல். பெண்களுக்கு டபிள்யூபிஎல் 2023-ல். பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐ கைக்கு வந்ததே 2006-ல், ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது 2015-ல். கடை திறந்து பதினைந்து வருஷம் கழித்துப் பக்கத்துக் கடை திறக்கவிட்டு, "உனக்கு வியாபாரமே இல்லையே" என்பது போலத்தான். இங்கிலாந்தில் இதைவிட மோசம் நடந்தது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் பெண்கள் கால்பந்து பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு வருஷமே, 1921-ல், பெண்கள் ஆட்டத்துக்குத் தன் கிளப்களின் மைதானங்களைக் கொடுக்கக் கூடாது என்று அந்நாட்டுக் கால்பந்து சங்கம் தடை போட்டது. தடை நீங்கியது சுமார் ஐம்பது வருஷம் கழித்து. வந்த கூட்டத்தை விரட்டிவிட்ட கதை அது.

கபடிக்கு வந்தால் பள்ளம் இன்னும் ஆழம். புரோ கபடி 2014-ல் தொடங்கியது. 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது, அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. பெண்களுக்கு 2016-ல் மூன்று அணிகளை வைத்து ஒரு சீசன் நடத்தினார்கள், அதோடு சரி. 2025 நவம்பரில் டாக்காவில் இந்தியப் பெண்கள் கபடி உலகக் கோப்பையை வென்றார்கள். அவர்களில் யாருக்கும் 2.6 கோடி ஏலம் கேட்க உள்நாட்டில் அந்த மாதிரி மேடை இல்லை. ஆகவே உங்கள் ஊருக்கு ஆட வரும் பெண்ணுக்குக் கபடியில் கையில் காசு பார்க்கும் வழிகள் மிகக் குறைவு: அரசுப் பரிசு, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, உங்களைப் போன்ற ஊர்க் கமிட்டிகளின் போட்டி.

இதில் முதல் இரண்டும் ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை என்பதைக் கமிட்டியில் சொல்லுங்கள். முதலமைச்சர் கோப்பைக்கு மாநில அளவில் தனிநபர் தங்கத்துக்கு ஒரு லட்சம், வெள்ளிக்கு 75,000, வெண்கலத்துக்கு 50,000. குழு ஆட்டத்தில் ஒரு ஆளுக்கு 75,000, 50,000, 25,000. இரு பாலருக்கும் ஒரே பட்டியல். 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தமிழக அரசு கொடுத்தது தலா 25 லட்சம். ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் பெண்ணுக்கும் அதே பணியில் சேரும் ஆணுக்கும் சம்பள ஏணி ஒன்றுதான். ஊர்ப் போட்டிச் சான்றிதழ் அந்த ஒதுக்கீட்டுக்கு எடுபடாது. அங்கீகரித்த சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். அதனால் உங்கள் மேடையில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது பணமும் ஆட்ட அனுபவமும் மட்டுமே. அந்தப் பணத்திலும் மூன்றில் ஒரு பங்கு என்றால் என்ன மிஞ்சும்?

"சட்டப்படி சம ஊதியம்" என்று யாராவது கொடி பிடித்தால் ஒரு எச்சரிக்கை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 1976 சட்டத்தில் இருந்தது, அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அது முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கு. போட்டிப் பரிசு ஊதியம் அல்ல. ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி உங்களை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க வழியில்லை. கமிட்டி நினைத்தால் மாற்றலாம், நினைக்காவிட்டால் மாறாது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மைதானம். ஐபிஎல்லும் டபிள்யூபிஎல்லும் தனித்தனி மாதம், தனித்தனி டிக்கெட், தனித்தனி டிவி ஒப்பந்தம். அதனால்தான் அங்கே கூட்டக் கணக்கு பேச முடிகிறது. உங்களுக்கு ஒரே மைதானம், ஒரே பந்தல், ஒரே மைக் செட், ஒரே ஃபிளெக்ஸ், ஒரே ஊர்க் கூட்டம், டிக்கெட்டே இல்லை. இதற்கு ஒப்புமை டென்னிஸ். கிராண்ட்ஸ்லாமில் ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில், ஒரே பதினைந்து நாளில் ஆடுகிறார்கள். யார் யாரைப் பார்க்க டிக்கெட் வாங்கினார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. 1972 அமெரிக்க ஓப்பனில் ஆண் சாம்பியனுக்கு 25,000 டாலர், பெண் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 10,000. கிட்டத்தட்ட உங்கள் நோட்டீஸ்தான். அடுத்த வருஷம் அவர் வரமாட்டேன் என்றார். 1973-ல் இருவருக்கும் 25,000. அந்த இடைவெளியை அடைத்தது போட்டி நடத்தியவர்களின் பை அல்ல. வியர்வை நாற்றத்துக்குப் பூசும் மருந்து விற்ற ஒரு கம்பெனி 55,000 டாலர் போட்டது. விம்பிள்டன் இழுத்தடித்து 2007-ல்தான் சமமாக்கியது. 2025-ல் அங்கே ஒற்றையர் சாம்பியன் இருவருக்கும் தலா 30 லட்சம் பவுண்டு.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. சென்னை ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல், பரிசு சமமில்லை என்று தேசியப் போட்டியைத் தொடர்ந்து சில வருஷம் புறக்கணித்தார். 2015-ல் ஆண் சாம்பியனுக்கு 1,20,000, பெண்ணுக்கு 50,000. 2016-ல் சமமாக்கினார்கள். வந்தார், ஜெயித்தார். நல்ல அணிகள் வராமல் போவது போட்டி நடத்துபவருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது அப்போதுதான் சங்கத்துக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். உங்களுக்கு 6 அணிதான் வருகிறது என்றால் அதற்கும் 10,000 என்ற எண்ணுக்கும் சம்பந்தம் இல்லையா என்று யோசியுங்கள். ஊத்தங்கரையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ 12 பெண்களும் கோச்சும் துணைக்கு ஒரு பெண்மணியும் வேன் பிடித்து வந்து போனால், முதல் பரிசே வாங்கினாலும் வேன் வாடகையும் சாப்பாடும் போக ஆளுக்கு என்ன நிற்கும்?

பெரியவர் சொன்னதில் உண்மையிலேயே கனமான வாதம் ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டம் என்று சொல்லாமல் ஆட்ட எண்ணிக்கை என்று சொல்லியிருக்க வேண்டும். 24 அணி நாக்-அவுட்டில் கோப்பைக்கு 5 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், முதல் சுற்றில் 'பை' கிடைத்த, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 8 அணிகளுக்கு 4. ஆனால் 6 அணி நாக்-அவுட்டில் பை கிடைத்த பெண்கள் அணி இரண்டே ஆட்டத்தில் கோப்பையைத் தூக்கிவிடும். ஐந்து ஆட்டம் ஆடியவனுக்கும் இரண்டு ஆட்டம் ஆடியவளுக்கும் ஒரே பரிசா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்தான். தீர்வு பரிசைக் குறைப்பது அல்ல, ஆட்டத்தைக் கூட்டுவது. பெண்கள் 6 அணியை மூன்று மூன்றாக இரண்டு குழு பிரித்து லீக் வையுங்கள். குழு ஆட்டம் 3, 3, அரையிறுதி 2, இறுதி 1, ஆக மொத்தம் 9 ஆட்டம். சாம்பியன் 4 ஆட்டம் ஆடியிருப்பார்கள், பை வாங்கிய ஆண்கள் அணிக்குச் சமம். தோற்றுப் போகும் அணிக்கும் குறைந்தது 2 ஆட்டம் உறுதி என்பதால் அடுத்த வருஷம் திரும்பி வருவார்கள். ஒரு ஆட்டத்தில் தோற்று வேன் ஏறிப் போன அணி மறுபடி வருவது அபூர்வம்.

நேரம் போதுமா என்று கவலை வேண்டாம். சீனியர் பெண்களுக்கு ஆட்டம் 15-5-15, மொத்தம் 35 நிமிடம். அணி மாற, எடை பார்க்க 10 நிமிடம் சேர்த்தால் 45. ஒன்பது ஆட்டத்துக்கு ஆறே முக்கால் மணி நேரம். ஆண்களுக்கு 20-5-20, அதோடு 10 சேர்த்து 55 நிமிடம், 24 அணிக்கு 23 ஆட்டம், 21 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாள் போட்டி என்றால் ஏற்கெனவே இரண்டு களம் வைத்துத்தான் சமாளித்துக் கொண்டிருப்பீர்கள். "பெண்கள் 30 நிமிடம்தானே ஆடுகிறார்கள், ஆண்கள் 40" என்று யாராவது கிளப்புவார்கள். டென்னிஸிலும் மூன்று செட், ஐந்து செட் என்று இதையே சொன்னார்கள். நேரத்தை விதி புத்தகம் வைத்தது, பெண்கள் கேட்டு வாங்கவில்லை. தவிர, பரிசை யாரும் நிமிடக் கணக்கில் கொடுப்பதில்லை. முதல் 20 நிமிடத்திலேயே எதிரணியை நாலு முறை ஆல்-அவுட் செய்து ஜெயிப்பதை உறுதியாக்கிவிட்ட ஆண்கள் அணிக்குப் பாதிப் பரிசா கொடுத்தீர்கள்?

களம் போடுவதில் ஒரு தவறு பல இடத்தில் நடக்கிறது. ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10, பெண்கள் களம் 12-க்கு 8, இரு ஓரத்திலும் உள்ள பட்டையான லாபி இரண்டிலும் உள்ளடக்கம். ஆண்களுக்குப் போட்ட கோட்டிலேயே பெண்களையும் ஆடவிட்டால், நடுக்கோட்டிலிருந்து, ரைடர் தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டிய பாக் லைன் 3 மீட்டரில் இருக்க வேண்டியது 3.75-ல் நிற்கும், போனஸ் லைன் 4 மீட்டருக்குப் பதில் 4.75-ல் நிற்கும். போனஸ் எடுக்கக் கால் எட்டாது, தற்காப்பு அணிக்கு அகலம் அதிகமாகிச் சங்கிலி உடையும், ரைடர் சீக்கிரம் களைப்பார். ஆட்டம் சப்பென்று போகும். பிறகு, "பொண்ணுங்க ஆட்டம் விறுவிறுப்பில்லை" என்ற பேச்சு வரும். நடுக்கோட்டைப் பொதுவாக வைத்து, ஆண்களுக்குச் சுண்ணாம்பு, பெண்களுக்குக் காவிப் பொடி என்று இரண்டு நிறத்தில் போடலாம். குழப்பம் வேண்டாமென்றால் ஒரு களத்தைப் பெண்களுக்கென்றே 12-க்கு 8 ஆகப் போட்டுவிடுங்கள்.

நேரம் ஒதுக்குவதும் அதே மாதிரிதான். பெண்கள் இறுதியைப் பகல் இரண்டு மணிக்கு வெயிலில் வைத்துவிட்டு, கூட்டம் இல்லை என்பது நியாயமில்லை. இரவு ஒரு மணிக்கு வைத்தால் அணியே நிற்காது, ஊர் திரும்ப வேண்டுமே. அரையிறுதி மாலை 5 மணிக்கு, இறுதி 7 மணிக்கு, விளக்குப் போட்டதும் முதல் ஆட்டமாக. அதற்குப் பிறகு ஆண்கள் அரையிறுதி. தை மாதம் இந்தப் பக்கம் பனி அடிக்கிற நேரம், பத்து மணிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் பந்தலில் உட்கார மாட்டார்கள். ஏழு மணி ஆட்டம்தான் ஊரே பார்க்கும் ஆட்டம். பக்கத்து ஊரில் எருது விடும் விழா இருக்கும் நாளைத் தவிருங்கள். அன்றைக்கு யார் இறுதி ஆடினாலும் நாற்காலி காலி.

இனி பணம். உங்கள் பரிசுப் பட்டியலை ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக் கொள்கிறேன். ஆண்கள் 30,000, 20,000, மூன்றாம் நான்காம் பரிசு 10,000 வீதம், ஆக 70,000. பெண்கள் 10,000, 7,000, பிறகு 4,000 வீதம், ஆக 25,000. மொத்தம் 95,000. இதையே இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் 47,500. அதாவது 20,000, 13,500, 7,000, 7,000. ஒரு பைசா கூடுதல் இல்லாமல் சமமாகிவிடும். ஆனால் முதல் பரிசு 30,000-லிருந்து 20,000-க்கு இறங்கினால் சேலம், நாமக்கல் அணிகள் வேறு ஊர்ப் போட்டிக்குத் திரும்பிவிடும், உள்ளூர்ப் பையன்களும் முகம் சுளிப்பார்கள், பழி பெண்கள் அணி தலையில் விழும். அதனால் இதை நான் சொல்லமாட்டேன்.

25,000, 15,000, 7,500, 7,500 என்று வையுங்கள். பிரிவுக்கு 55,000, மொத்தம் 1,10,000. கூடுதலாகத் தேவை 15,000. மேடையில் 40 பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள் என்றால், ஒன்று 150 ரூபாய் என்று 6,000. ஆள் உயரக் கோப்பையை இடுப்பு உயரமாக்கினால் நாலைந்தாயிரம். பட்டாசில் மிச்சம். உங்கள் ஊர் விலையில் எண்கள் மாறும், ஆனால் அந்தப் பதினைந்தாயிரம் இந்த மூன்று இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பெண்கள் பிரிவில் அணி எண்ணிக்கை குறைவு என்பதற்காக எதையாவது குறைத்தே ஆக வேண்டுமென்றால், பரிசு இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரு இடத்துக்கான தொகையை அல்ல. ஆண்களுக்கு எட்டு இடம் வரை பரிசு, பெண்களுக்கு நாலு இடம், ஆனால் முதலிடம் இரண்டிலும் ஒன்று. 2024 டி20 உலகக் கோப்பைகளில் ஐசிசி கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. ஆண்களில் 20 அணி, மொத்தம் 112.5 லட்சம் டாலர். பெண்களில் 10 அணி, 79.6 லட்சம். ஆனால் கோப்பை வென்றவர்களுக்கு முறையே 24.5 லட்சம், 23.4 லட்சம்.

பணம் குறைவதற்கு உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, உபயம் பிடிக்கும் நோட்டில். நோட்டை எடுத்துக்கொண்டு போகிறவர் முதலில் "ஆண்கள் முதல் பரிசு" என்ற வரியைக் காட்டுகிறார். கட்சிக்காரர், மாங்கூழ் ஆலைக்காரர், கிரானைட்காரர், பைனான்ஸ்காரர் எல்லாரும் அதற்கே போட்டி போடுகிறார்கள், ஃபிளெக்ஸில் பெரிய எழுத்தில் பேர் வருமே. பெண்கள் பிரிவுக்கு வரும்போது பெரிய ஆட்கள் தீர்ந்து போகிறார்கள். மிச்சம் விழும் தொகை கமிட்டி கையில், அல்லது யாரோ கொடுக்கும் எவர்சில்வர் குடமும் தட்டும். ஆணுக்குப் பணம், பெண்ணுக்குப் பாத்திரம் என்பது இப்படித்தான் உருவாகிறது, யாரும் உட்கார்ந்து திட்டமிட்டது அல்ல. நோட்டிலுள்ள வரியை மாற்றுங்கள். "முதல் பரிசு, இரு பிரிவும் சேர்த்து: 50,000" என்று ஒரே வரி. இரண்டாம் பரிசு 30,000 என்று ஒரே வரி. மூன்றாம் நான்காம் பரிசுகளும் அப்படியே. முதல் பரிசுக்குத் தனியாக 50,000 போட ஆள் இல்லையென்றால் இரண்டு பேர் 25,000 வீதம் சேரட்டும், ஆனால் இருவர் பேரும் இரு பிரிவுக்கும். "எனக்கு ஆண்கள் பரிசு மட்டும்தான்" என்று அடம் பிடிப்பவரிடம் மைக் செட்டோ சாப்பாடோ ஒப்படையுங்கள். அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் 2022-ல் கண்ட தீர்வும் இந்த ஒரே உண்டியல்தான். ஆண்கள் உலகக் கோப்பைப் பணத்தையும் பெண்கள் உலகக் கோப்பைப் பணத்தையும் சேர்த்து இரு அணியும் சமமாகப் பிரித்துக் கொள்வது என்று ஒப்பந்தம். ஃபிஃபா தரும் தொகையில் ஆண்களுக்கு 2022-ல் 44 கோடி டாலர், பெண்களுக்கு 2023-ல் 11 கோடி என்று இருந்த காலத்தில் அதைச் செய்தார்கள்.

நுழைவுக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 24 அணிக்கு 500 வீதம் 12,000, 6 அணிக்கு 3,000. "அவங்க கட்டினது 12,000, இவங்க 3,000" என்று இதை வைத்துப் பரிசைப் பிரிக்க முயல்வார்கள். பரிசு 1,10,000, கட்டணம் மொத்தமே 15,000-தான்; பரிசுப் பணம் வருவது உபயத்திலிருந்து. கட்டணம் நடுவர்களுக்கான படிப் பணத்துக்கும் சோடாவுக்கும் சரியாகப் போகும். அதைப் பரிசோடு முடிச்சுப் போடாதீர்கள். நடுவர் படி என்றதும் இன்னொன்று: பெண் நடுவர் கூப்பிட்டால் அவருக்கும் அதே படி.

பெண்கள் அணிகளுக்குச் செலவாகும் சில விஷயங்கள் உண்டு. உடை மாற்ற அடைப்பு, தண்ணீர் வரும் கழிப்பறை, இரவு தங்குவதென்றால் பள்ளிக்கூட அறையும் துணைக்கு ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும். இதைப் "பெண்கள் பிரிவுச் செலவு" என்று எழுதிப் பரிசில் கழிப்பதும் நடக்கிறது. மைதானச் செலவில் எழுதுங்கள், விளக்கும் பந்தலும் போல.

கடைசி நேரத்தில் மூன்று பெண்கள் அணி வராமல் போனால் என்ன செய்வது என்பதை இப்போதே தீர்மானித்து நோட்டீஸில் அச்சடியுங்கள். "4 அணிக்குக் குறைந்தால் முதல் இரண்டு பரிசு மட்டும், அறிவித்த தொகையில் மாற்றமில்லை" என்று ஒரு வரி போதும். இதை எழுதாமல் விட்டால் மைதானத்தில் நின்று பேரம் நடக்கும். வந்திருக்கும் பெண்கள் அணிக் கோச் தனியாள், கமிட்டி இருபது பேர். பேரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பரிசை அன்றே கொடுங்கள். அதியமான் பரிசில் கொடுக்கத் தாமதித்தபோது அவ்வை வாயில்காவலனிடம் கோபித்துப் பாடிவிட்டுக் கிளம்பத் தயாரான தகடூர் (இன்றைய தர்மபுரி) இது. 2020 டி20 உலகக் கோப்பையில் இரண்டாமிடம் வந்த இந்தியப் பெண்களுக்கு அந்தப் பரிசுப் பணம் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் கைக்கு வரவில்லை என்று 2021 மே மாதம் செய்தியே வந்தது. உபயதாரர் செக் கொடுத்து அது திரும்பினால், ஆண்கள் அணிக்காரர்கள் நாலு பேர் வண்டியில் வந்து கேட்டு வாங்கிவிடுவார்கள், பெண்கள் அணி போன் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் உபயத் தொகை முழுதும் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கமிட்டிக் கணக்குக்கு வந்திருக்க வேண்டும், வராத பேர் ஃபிளெக்ஸில் ஏறக் கூடாது. மேடையில் அட்டை செக் காட்டிப் படம் எடுத்துக் கொள்ளலாம், ஆனால் பணத்தை இறங்கும் முன்பே அணியின் கணக்குக்கு அனுப்பிவிட்டு, கேப்டன், கோச் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கோச் மட்டும் கையெழுத்துப் போட்டால் 12 பெண்களுக்கு எவ்வளவு போனது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.